எழுபதைத் தாண்டாத பயணம்

வணக்கம் நேயர்களே.

எங்கோ தொலைவில் ஒரு பழைய ஜீப்பையோ லேண்ட் ரோவரையோ வாங்கிவிட்டு, கப்பலில் ஏற்றாமல் சாலை வழியாகவே வீட்டுக்கு ஓட்டி வருகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். நானும் அப்படி ஓட்டி வந்தவன்தான். கண்டெய்னரில் போட்டு அனுப்பினால் வேலை சுலபமாக முடியுமே, ஏன் இந்தப் பாடு என்று கேட்பார்கள். வேலை முடியும், உண்மை. ஆனால் துறைமுகத்தில் வந்து இறங்கும் வண்டி உங்களுக்கு முன்பின் தெரியாத வண்டியாகத்தான் இருக்கும். நாற்பது ஐம்பது வருடம் யார் யார் கையிலோ ஓடிய ஒரு இயந்திரத்தைப் புரிந்துகொள்ள, அதோடு சில ஆயிரம் கிலோமீட்டர் பொறுமையாக வருவதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பொறுமையாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். இன்று நான் சொல்ல வந்ததெல்லாம் அதைச் சுற்றித்தான்.

முதலில் இந்த வண்டிகள் எதற்காகப் பிறந்தன என்று பார்த்துவிடுவோம். இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்புகள், போர் முடிந்ததும் பண்ணைகளுக்கு வந்தன. ரோவர் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ் தன் பண்ணையில் அப்படி ஒரு ஜீப்பை வைத்திருந்தார். அதைப் பார்த்துத்தான் லேண்ட் ரோவர் யோசனை வந்தது. 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் அதை முதல்முறையாகக் காட்டினார்கள். அப்போது பிரிட்டனில் இரும்புத் தகடுக்குக் கடும் தட்டுப்பாடு. அதனால் பாடியை அலுமினியக் கலவையில் செய்தார்கள், வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸ் மட்டும் இரும்பு. டொயோட்டாவின் லேண்ட் க்ரூஸர் 40 வரிசை 1960-இல் வந்தது. இவை எல்லாமே வயலிலும் சேற்றிலும் மெதுவாக இழுத்துப் போகச் செய்த வண்டிகள். நெடுஞ்சாலையில் மணிக்கு நூறு கிலோமீட்டரில் நாள் முழுக்க ஓடுவது இவற்றுக்கு விதித்த வேலை இல்லை. வாங்குகிற பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

அந்த அலுமினியம் துருப்பிடிக்காது என்று நினைத்து ஏமாறக் கூடாது. அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொண்டு இருக்கிற இடத்தில் ஈரம் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். கீழே சேஸிஸ் உள்ளிருந்து அரிக்கும். மேலே புதுப் பெயிண்ட் பளபளக்கும். ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்து, சேஸிஸ் நெடுகத் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். அரித்த இடம் சத்தத்தை விழுங்கிவிடும். வண்டியின் பாரத்தைத் தாங்கும் வில் போன்ற கமான் பட்டை சேஸிஸோடு சேருகிற இடங்களைக் குறிப்பாகத் தட்டுங்கள். அங்கே சத்தம் செத்துப்போய் இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போட்டு வெல்டிங் வேலையை முடியுங்கள். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

விற்கிறவரிடம் வண்டியில் என்ன கோளாறு என்று கேட்டால், ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வார். பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. தினமும் ஓட்டியவருக்கு எல்லாச் சத்தமும் பழகிப் போயிருக்கும். வேறு மாதிரி கேளுங்கள். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது என்ன செய்வீர்கள்? எந்த கியரைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ள வேண்டும்? எதற்கு அடிக்கடி ஆயில் ஊற்றுவீர்கள்? இப்படிக் கேட்டால் அவர் கை தானாகவே பேசும். "மூன்றாவதிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது நடுவில் ஒரு தடவை கிளட்சை விட்டு, ஆக்ஸிலேட்டரைத் தட்டிவிட்டுப் போடுவேன்" என்பார். அது ஒரு பாடம். பழைய கியர்பாக்ஸ்கள் பலவற்றில் கீழ் கியர்களுக்கு சின்க்ரோமெஷ், அதாவது பல்சக்கரங்களின் வேகத்தைத் தானாகச் சமப்படுத்தும் அமைப்பு, கிடையாது, அவர் செய்வதுதான் சரியான முறை. அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் கிடைப்பது எந்தக் கையேட்டிலும் இல்லை.

அப்புறம் டயர். தரையைத் தொடும் ரப்பர் கட்டை நன்றாக இருக்கிறது என்று தடவிப் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். டயரின் பக்கவாட்டில் டாட் என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள். 3518 என்றால் 2018-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது. அதிகம் ஓடாத வண்டிகளில் கட்டை தேயாமல், ரப்பர் மட்டும் வயதாகி வெடிப்பு விட்டிருக்கும். பாரம் ஏற்றி வெயிலில் நாள் முழுக்க ஓடினால் அது தாங்காது.

சரி, கிளம்பிவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு எழுபது கிலோமீட்டர். அதற்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. இதற்குக் காரணம் பயம் இல்லை, இயந்திரம்தான். பழைய பெட்ரோல் இன்ஜின்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை. அந்த ஈயம் வால்வு உட்காரும் இடத்தைத் தேய்மானத்திலிருந்து காத்து வந்தது. 2021-க்குப் பிறகு உலகில் எங்கும் சாலை வண்டிகளுக்கு அந்தப் பெட்ரோல் விற்பனையில் இல்லை. வால்வு சீட்டைக் கடினமான உலோகத்துக்கு மாற்றாத இன்ஜினை உயர்ந்த சுற்றில் மணிக்கணக்காக ஓட்டினால், புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு கொஞ்சம் கொஞ்சமாக இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்குள் புதையும். வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடுகிற டேப்பட் இடைவெளி குறைந்துகொண்டே வரும். டேப்பட் சத்தம் குறைந்து இன்ஜின் அமைதியாகிவிட்டது என்று சந்தோஷப்படுகிற நேரத்தில்தான் உள்ளே வால்வு எரியத் தொடங்கியிருக்கும். மெதுவாக ஓட்டினால் அந்தத் தேய்மானம் வெகுவாகக் குறையும். அதே வேகக் கட்டுப்பாடுதான் கியர்பாக்ஸையும் காக்கிறது, நான்கு பக்கமும் டிரம் பிரேக் உள்ள வண்டியை வேண்டிய இடத்தில் நிற்கவும் வைக்கிறது.

மெதுவாகப் போவதில் இன்னொரு லாபம், வண்டி சொல்வது காதில் விழும். புது வண்டி முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு விளக்கை எரியவிட்டு நின்றுவிடும். பழைய வண்டியில் பெரும்பாலான கோளாறுகள் நேற்றே சொல்லிவிட்டுத்தான் வரும். மெதுவாகப் போகும்போது கீச் கீச்சென்று, வேகத்தோடு சேர்ந்து கூடுகிற சத்தம் வந்தால், இன்ஜினின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் மூட்டான கிராஸில் கிரீஸ் வற்றிவிட்டது. ஆக்ஸிலேட்டரை விட்டுப் பிடிக்கும்போது டொக்கென்று இடித்தால் அந்தக் கிராஸ் தேய்ந்தே போய்விட்டது. ஊம் என்று ஒரு முனகல், இடது வளைவில் கூடி வலது வளைவில் குறைந்தால், வலது பக்கச் சக்கரத்தின் பேரிங்கைப் பாருங்கள். இடது பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் வலது பக்கம் சாயும், அதுதான் கணக்கு. எனவே ஓட்டும்போது பாட்டுக் கேட்க வேண்டாம். வானொலியில் உட்கார்ந்துகொண்டு இப்படிச் சொல்கிறேன், ஆனால் மனதாரச் சொல்கிறேன்.

காதுக்கு அடுத்தது கை. ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் வண்டியைச் சுற்றி வந்து சக்கரங்களின் நடுப்பகுதியான நான்கு ஹப்பையும் தொட்டுப் பார்ப்பேன். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல, புறங்கையால். நான்கும் ஒரே சூட்டில் இருந்தால் நிம்மதி. ஒன்று மட்டும் கொதித்தால் பேரிங் இறுகியிருக்கிறது, இல்லையென்றால் அந்தப் பக்கம் பிரேக் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இதைப் பார்க்கவும் ஒரு பக்குவம் வேண்டும். மலை இறக்கத்தில் பிரேக் பிடித்து வந்த கையோடு தொட்டால் எல்லாமே சுடும், ஒன்றும் தெரியாது. சமதளத்தில் நல்ல தூரம் பிரேக்கை அதிகம் தொடாமல் வந்து, கடைசியில் வண்டி தானாக வேகம் குறைந்து நிற்கும்படி விட்டு, உடனே இறங்கித் தொட வேண்டும். அப்போது கைக்குத் தெரிகிற வித்தியாசம்தான் உண்மையான வித்தியாசம். சாயங்காலம் ஒருமுறை அடியில் குனிந்து கமான் பட்டைகளைப் பாருங்கள். விரிசல் விட்ட பட்டையில் துருவின் நடுவே புது இரும்பு பளிச்சென்று ஒரு கோடாகத் தெரியும். கமானைச் சக்கர அச்சோடு இறுக்கும் யூ போல்ட் நட்டுகளைத் தினமும் ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். மோசமான சாலையில் முதல் சில நாள் அவை தளர்ந்துகொண்டேதான் இருக்கும்.

மலை ஏறும்போது வண்டிக்கு வலு குறைந்தால் பதற வேண்டாம். டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் சுமார் பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். காற்று மெலிந்தும் கார்புரேட்டர் பழைய கணக்கிலேயே பெட்ரோல் ஊற்றும், அதனால் புகை கறுக்கும். கீழே இறங்கினால் தானாகச் சரியாகும். இறக்கத்தில்தான் கவனம் தேவை. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். பழைய ஆயில் சூடானால் அதிலுள்ள தண்ணீர் ஆவியாகி, மிதித்த பெடல் தரையைத் தொடும். கிளம்பும் முன் ஆயிலை முழுக்க மாற்றுங்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

ஆற்றைக் கடக்கிற இடத்தில் பலர் நேராக இறக்கிவிடுவார்கள். சூடான ஆக்ஸில், அதாவது சக்கர அச்சு, குளிர்ந்த தண்ணீரில் பட்டதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்குகிற காற்று, தேய்ந்த ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். கரையில் கொஞ்ச நேரம் வண்டியை ஆறவிட்டு இறங்குங்கள். மறுநாள் ஆக்ஸிலில் உள்ள பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலின் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள், பால் கலந்தது போல வெளுத்திருந்தால் முழுக்க மாற்றியே ஆக வேண்டும்.

இவ்வளவு தூரம் இந்த வயதான வண்டிகள் தாங்குமா என்று கேட்கிறவர்களுக்கு நான் ஒரு வண்டியைக் காட்டுவேன். 1955 செப்டம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்கள் ஆறு பேர் இரண்டு லேண்ட் ரோவர்களில் லண்டனிலிருந்து புறப்பட்டு, 1956 மார்ச்சில் சிங்கப்பூர் சேர்ந்தார்கள். வண்டிகளுக்கும் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் என்றே பெயர். ஆக்ஸ்ஃபோர்டு அதற்குப் பிறகு அட்லாண்டிக் நடுவிலுள்ள அசென்ஷன் தீவுக்குப் போனது, அங்கிருந்து செயின்ட் ஹெலினா தீவுக்குப் போய்ப் பல்லாண்டு கிடந்தது. பின்னர் பிரிட்டனுக்குக் கொண்டுவந்து சீர்செய்தார்கள். 2019-இல் அதே வண்டியைச் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு, பழைய பயணத்தின் எதிர்த்திசையில், ஓட்டி வந்தார்கள். முதல் பயணத்தில் இருந்த டிம் ஸ்லெஸரும் எண்பது வயதைத் தாண்டிய நிலையில் வருவதாக இருந்தது. புறப்படுகிற நேரத்தில் உடல்நிலை இடம்கொடுக்காமல் அவருடைய பேரன் அந்த இடத்தில் உட்கார்ந்தார். ஆகஸ்ட்டில் கிளம்பிய வண்டி டிசம்பரில் லண்டனுக்குள் வந்தது. அறுபது வயதைக் கடந்த சின்ன இன்ஜின் அது. வழியில் திறந்து, கழற்றி, மாட்டி, மறுபடி ஓட்டிக் கொண்டுபோய்ச் சேர்த்த மனிதர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல நாடுகளில் வெளிநாட்டு வண்டி நுழைய கார்னே என்கிற சுங்க ஆவணம் கேட்பார்கள். வாகனச் சங்கம் உத்தரவாதம் கொடுத்து வழங்குவது அது. நுழையும்போது ஒரு முத்திரை, வெளியேறும்போது ஒரு முத்திரை. வெளியேறும் முத்திரை விடுபட்டால் வண்டியை அங்கேயே விற்றுவிட்டதாகக் கணக்காகி, வரி உங்கள் தலையில் விழும். எல்லையைத் தாண்டும் முன் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சேஸிஸ் எண் ஆவணத்தில் இருப்பதும் இரும்பில் அடித்திருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

உதிரிப் பாகங்களை மூட்டை மூட்டையாக ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. பாரம் கூடினால் கமான்தான் முதலில் உடையும். ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், தீப்பொறிக்கான பாயிண்ட், கண்டென்சர், பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரம், சில பெட்ரோல் ஃபில்டர், ஒரு செட் வீல் பேரிங், ஆயில் சீல். இது போதும். ஃபில்டரை மட்டும் கூடுதலாக வையுங்கள். பழைய டேங்கின் அடியில் வருடக்கணக்காகப் படிந்த துரு, குண்டும் குழியுமான சாலையில் குலுங்கிக் கலங்கி வந்து அடைக்கும். மற்றதற்கெல்லாம் வழியில் ஆள் இருக்கிறார்கள். டிராக்டரும் லாரியும் ஓடுகிற எந்த ஊரிலும் கமான் பட்டை அடிக்கவும், ரேடியேட்டர் ஈயம் பற்றவைக்கவும் தெரிந்த ஒருவர் இருப்பார். மொழி தெரியாவிட்டாலும் கழற்றிய பாகத்தை அவர் கையில் கொடுங்கள், போதும். அவர் வேலை செய்யும்போது பக்கத்திலேயே நின்று பாருங்கள். அடுத்த முறை அதே நட்டை நீங்களே கழற்ற வேண்டியிருக்கும்.

கடைசி நாட்களைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். வீடு நெருங்க நெருங்கச் சாலை பழக்கமானதாக மாறும், கால் தானாக ஆக்ஸிலேட்டரை அழுத்தும். இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று ஹப்பைத் தொட்டுப் பார்ப்பதை விட்டுவிடத் தோன்றும். பேரிங்குக்கு வீட்டு விலாசம் தெரியாது. மொத்தத் தூரத்தின் தேய்மானமும் அப்போதுதான் ஒன்றுசேர்ந்து நிற்கிறது. அந்த நாட்களிலும் இருட்டும் முன் நிறுத்துங்கள், மறுநாள் காலையில் வந்து சேருங்கள்.

சேர்ந்த அன்றே, வண்டி சூடாக இருக்கும்போதே, இன்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் ஆயில்களைத் தனித்தனித் தட்டில் வடியுங்கள். சூட்டோடு வடித்தால்தான் அடியில் இருக்கிற பொடியும் சேர்ந்து வரும். அதை விரலில் தேய்த்துப் பாருங்கள். மாவு போல மென்மையாக இருந்தால் இயல்பான தேய்மானம், நறநறவென்று துகள் தட்டுப்பட்டால் உள்ளே பல்சக்கரத்தில் வேலை இருக்கிறது. பார்த்ததைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். பிறகு வண்டியை உங்களுக்கு விற்றவருக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தது என்று தகவல் சொல்லுங்கள், அவரும் காத்துக்கொண்டிருப்பார்.

நன்றி, வணக்கம்.