ஓய்வுக்கும் முறை வையுங்கள்

தோழர்களே, வணக்கம்.

ஊருக்காக ஓடி ஓடி உழைத்தவர் ஒருநாள் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டால், "அவருக்கு மனவுறுதி போதவில்லை" என்று சொல்லிவிடுகிறோம். இது தவறான பேச்சு, கொடுமையான பேச்சும்கூட.

1974-இல் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர், இலவச மருத்துவ நிலையங்களில் ஊதியமில்லாமல் உழைத்தவர்களுக்கு வந்த சோர்வைப் பற்றி எழுதினார். அந்தச் சோர்வுக்கு அவர் வைத்த பெயர்தான் 'பர்ன்அவுட்'. யாருக்கு ஈடுபாடு அதிகமோ அவரே முதலில் சிக்குகிறார் என்பதை அவர் கண்டார். 2019-இல் உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் இதற்கு விளக்கம் தரப்பட்டது. இது நோய் இல்லை, பணியிடத்தில் தீராமல் தொடரும் அழுத்தத்தின் விளைவு என்றே அதில் இருக்கிறது. அப்படியானால் தனி ஆளைத் திருத்தி என்ன பயன்? வேலை பங்கிடப்படும் விதத்தைத்தான் திருத்த வேண்டும்.

அறிகுறிகளை உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் மூன்றாகப் பிரித்தார்: உள்ளம் வற்றிப்போவது, உதவி கேட்டு வருபவர்மேல் விலகலும் எரிச்சலும் வருவது, என்ன செய்தும் பயனில்லை என்று தோன்றுவது. இரண்டாவதைத்தான் நாம் கவனிப்பதே இல்லை. பெயர் சொல்லிப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென "அந்தக் கேஸ்" என்று சொல்லத் தொடங்கினால், அவருக்கு இளைப்பாறல் தேவைப்படுகிறது என்று பொருள். அந்த நேரத்தில் அவரைக் கண்டித்தால் முற்றிலும் ஒதுங்கிவிடுவார்.

சரி, என்ன செய்யலாம்? உதவி கேட்பவர்கள் அழைக்கும் அமைப்பின் கைப்பேசியிலிருந்து தொடங்குங்கள். அது எப்போதும் ஒரே ஆளிடம் இருந்தால், அவருக்கு விடுப்பு என்பது பேச்சளவில்தான். நான்கு மணி நேரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்து, கைப்பேசியையே கையில் கொடுத்துவிட வேண்டும். கூடவே ஒரு குறிப்பேடும் போக வேண்டும்: யார் பேசினார், என்ன கேட்டார், நாம் என்ன ஒப்புக்கொண்டோம், அடுத்து யார் பேச வேண்டும். இந்த நான்கும் எழுதப்படாவிட்டால், ஓய்விலிருப்பவரைப் பத்து முறை கூப்பிட்டுக் கேட்போம். விவரம் முழுவதும் ஒருவர் தலைக்குள்ளேயே இருப்பதால்தான் பல அமைப்புகளில் ஒருவரே தேய்கிறார்.

வன்முறைக்கு ஆளானவர்களின் துயரத்தை நாள்தோறும் கேட்பவர்களுக்கு இது போதாது. கேட்ட துயரம் கேட்டவருக்குள்ளும் தங்கும். தூக்கம் கெடும், கனவில் வரும். ஆகவே இருவர் இருவராக அமர்த்துங்கள். முறை முடிந்ததும் பதினைந்து நிமிடம் அந்த இருவரும் பேசிவிட்டே கிளம்பட்டும். நடந்ததை முழுதாக மறுபடி விவரிக்க வேண்டாம், அது காயத்தைக் கிளறும். எது மனதை அழுத்துகிறது என்பதை மட்டும் சொன்னால் போதும்.

மறுக்கவும் பழக வேண்டும். "பார்க்கிறேன்" என்ற சொல்லை விட்டுவிடுங்கள். கேட்டவர் அதை நம்பிக் காத்திருப்பார், சொன்னவர் குற்றவுணர்வில் உழல்வார். "இன்று வர முடியாது. நாளை காலை பேச முடியும். அவசரமென்றால் இன்னாரை அழையுங்கள்" என்று நேராகச் சொல்வது இருவருக்கும் நல்லது. அந்த இன்னாரிடம் முன்கூட்டியே கேட்டுவைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தூக்கம் ஏழு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. வாரத்தில் ஒரு நாள் முழு விடுப்பு. இதை முதலில் எடுக்க வேண்டியவர் பொறுப்பாளர். அவர் நள்ளிரவில் குழுவுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தால், எந்தத் தொண்டரும் நிம்மதியாக விடுப்பு எடுக்கமாட்டார்.

இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமின்மையும் வெறுமையும் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்; விடுப்பு மட்டும் அதைத் தீர்க்காது. தன் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் ஒருநாளும் தாமதிக்கக் கூடாது.

விடுப்பு முடிந்து வருபவரின் மேசையில் பழைய வேலையைக் குவித்துவைக்காதீர்கள். அவர் இல்லாதபோது வந்ததை அப்போதே பங்கிட்டு முடித்திருக்க வேண்டும். முதல் வாரம் அவருக்குப் பாதி முறை மட்டும் கொடுங்கள்.