ஆண் குரலுக்கு என்று ஒரு தனி விருது

அனைவருக்கும் வணக்கம்.

ஸ்பானிய மொழிப் பாட்டு என்றதும் நம்மில் பலருக்கு ‘டெஸ்பாசிட்டோ’தான் ஞாபகத்துக்கு வரும். அந்தப் பாட்டு வந்த 2017-க்கு முன்பே பல பத்தாண்டுகளாக லத்தீன் பாப் உலகில் பெரிய பாடகர்கள் இருந்தார்கள். அவர்களில் ஆண்களுக்கென்றே ஆண்டுதோறும் ஒரு விருதும் இருந்தது. ஸ்பானிய, போர்த்துக்கீசிய மொழி இசைக்காகத் தரப்படும் லத்தீன் கிராமி விருதுகளில் ‘சிறந்த ஆண் பாப் குரல் ஆல்பம்’ என்ற பிரிவு அது. 2011-க்குப் பிறகு அதை எடுத்துவிட்டார்கள். எடுத்தது சரிதான் என்பது என் கட்சி. அந்த விருதை வாங்கியவர்களின் ஆல்பங்களே அதற்குச் சாட்சி சொல்கின்றன.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். லத்தீன் கிராமியின் முதல் விழா 2000 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் நடந்தது. அப்போது இந்தப் பிரிவு ஒரு தனிப்பாட்டுக்கான பரிசாக இருந்தது. லூயிஸ் மிகேல் வாங்கினார். அடுத்த ஆண்டே விதியை மாற்றி, முழு ஆல்பத்துக்கும் விருது என்றார்கள். இந்த மாற்றத்தைச் சின்னதாக நினைக்க வேண்டாம். ஒரு பாட்டை நன்றாகப் பாடிவிடப் பலரால் முடியும். பத்துப் பாட்டு முழுக்கக் கேட்பவரைப் பிடித்து வைப்பதற்கு வேறு தெம்பு வேண்டும். வாக்களிப்பவர்களும் சாதாரண ரசிகர்கள் அல்ல. பாடகர்கள், இசையமைப்பாளர்கள், ஒலிப்பதிவுப் பொறியாளர்கள் என்று விருதைக் கொடுக்கும் அகாடமியில் உறுப்பினராக இருக்கும் தொழில்காரர்கள். அமெரிக்காவின் ஸ்பானிய மொழித் தொலைக்காட்சியான யூனிவிஷன் 1989 முதல் கொடுத்துவரும் லோ நுவெஸ்ட்ரோ விருதிலும் பாப் ஆண் பாடகருக்கு இடம் இருந்தது. ஆனால் அது ரசிகர்கள் ஓட்டுப் போடும் விருதாக ஆகிவிட்டது. சக கலைஞர்களின் காது எதைத் தேர்ந்தெடுத்தது என்று தெரிய வேண்டுமானால் லத்தீன் கிராமிப் பக்கம்தான் போக வேண்டும்.

ஆல்பத்துக்கு என்று மாறிய அந்த முதல் விருது, மேடையே இல்லாமல் கொடுக்கப்பட்டது. 2001 விழாவை மயாமியில் நடத்தத்தான் ஏற்பாடு. கியூபாவிலிருந்து இசைக்கலைஞர்கள் வரக் கூடாது என்று அங்கே குடியேறியிருந்த கியூப எதிர்ப்பாளர்கள் போராட்டம் அறிவித்தார்கள். பாதுகாப்பை யோசித்து விழாவை லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் இங்கிள்வுட் நகரின் ஃபோரம் அரங்கத்துக்கு மாற்றினார்கள். தேதி செப்டம்பர் 11. அன்று காலை நியூயார்க்கில் நடந்தது உலகத்துக்கே தெரியும். விழா ரத்து. அக்டோபர் 30 அன்று ஒரு செய்தியாளர் கூட்டத்தில் வெற்றியாளர்களின் பெயர்களை அறிவித்ததோடு சரி.

அந்தப் பட்டியலில் அலெஹாந்த்ரோ சான்ஸ் பெயர் நான்கு முறை வந்தது. ஆண்டின் சிறந்த ஆல்பம், சிறந்த ஒலிப்பதிவு, சிறந்த பாட்டு, அப்புறம் இந்த ஆண் குரல் விருது. எல்லாம் ‘எல் அல்மா அல் ஐரே’ என்ற ஆல்பத்துக்கும் அதே பெயர் கொண்ட பாட்டுக்கும்.

இவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசத்தான் வேண்டும். ஸ்பெயினின் மத்ரிதில் 1968-இல் பிறந்தவர். அப்பா, அம்மா இருவரும் தெற்கே ஆந்தலூசியாவைச் சேர்ந்தவர்கள். அந்த மண்ணின் பாட்டும் கிடாரும் ஆட்டமும் சேர்ந்த ஃபிளமெங்கோ மரபு அவர் தொண்டையில் இருக்கிறது. பாப் பாடகர் என்றால் குரல் வழவழவென்று இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை உடைத்தவர் அவர். கரகரப்பான குரல். தாளம் விழுந்த பிறகு ஒரு இமைப்பொழுது தாமதித்துச் சொல்லை எடுப்பார். உச்ச ஸ்தாயிக்குப் போகும்போது குரல் உடைகிற மாதிரி இருக்கும், ஆனால் உடையாது. 1997-இல் வந்த ‘கொரஸோன் பார்த்தியோ’ பாட்டில் விசெந்தே அமிகோ என்ற ஃபிளமெங்கோ கிடார் மேதை கூட வாசித்திருக்கிறார். அதைக் கேட்டால் நான் சொல்வது உடனே புரியும்: கிடார் ஒரு வாக்கியம் சொல்கிறது, குரல் அதற்குப் பதில் சொல்கிறது. சான்ஸ் இதே ஆண் குரல் விருதை 2004-இலும் 2010-இலும் மறுபடி வாங்கினார். அவ்வளவும் தகுதியானவை என்றே சொல்வேன்.

நடுவில் 2002-இல் மிகேல் போசே, 2003-இல் என்ரிகே இக்லேசியாஸ் ஆகியோர் வாங்கினார்கள். அவர்களை இன்று தொடாமல் போகிறேன், மன்னிக்கவும்.

2006-இல் குவாத்தமாலாவின் ரிக்கார்டோ அர்ஹோனா வந்தார். பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தவர். விருது வாங்கிய ‘அதென்த்ரோ’ ஆல்பத்தில் ஒரு பாட்டு, உரிய ஆவணங்கள் இல்லாமல் அமெரிக்க எல்லையைத் தாண்டும் தொழிலாளியைப் பற்றியது. அதை அவர் தனியாகப் பாடவில்லை. டெக்சாஸைச் சேர்ந்த இன்தொகாப்லே என்ற குழுவோடு சேர்ந்து பாடினார். எல்லைக்கு இந்தப் பக்கத்துக் குரலும் அந்தப் பக்கத்துக் குரலும் அந்தப் பாட்டுக்குத் தேவைப்பட்டன.

2007-இல் ரிக்கி மார்ட்டின். மின்கருவிகளைக் குறைத்து, மயாமியில் நேரடியாகப் பதிவு செய்த எம்டிவி அன்பிளக்டு ஆல்பம். அதில் ‘து ரெகுவெர்தோ’ என்ற பாட்டைத் தேடிக் கேளுங்கள். ஐந்து ஜோடிகளாகப் பத்துக் கம்பிகள் கொண்ட குவாத்ரோ என்ற போர்த்தோ ரீக்கோ வாத்தியத்தை கிறிஸ்டியன் நியேவெஸ் வாசிக்கிறார். கூடப் பாடுவது லா மாரி, ஸ்பெயினின் ஃபிளமெங்கோ சாயல் கொண்ட பாடகி. மென்மையாக, ஏறக்குறைய பேசுவது போல அவர் நுழைந்ததும் ரிக்கி தன் குரலைத் தணித்துக்கொள்கிறார். உலகமே மேடை ஆட்டக்காரராகப் பார்த்த ஒரு மனிதர் எவ்வளவு நல்ல பாடகர் என்று அந்த இடத்தில்தான் தெரிகிறது. அதை வெளியே கொண்டுவந்தது ஒரு பெண் குரல்.

2008-இல் கொலம்பியாவின் ஹுவானெஸ். மெட்டல் இசைக்குழுவில் தொடங்கியவர். 2003-லும் 2005-லும் அவரது ஆல்பங்கள் ராக் பிரிவில் வென்றவை. 2008-இல் பாப் பிரிவில் வென்றார். அதே குரல், அதே கிடார், கொலம்பியாவின் மெடெலின் நகரத்து அதே மனிதர். பிரிவின் பெயர்தான் மாறியது.

கடைசியாக வாங்கியவர் வெனிசுவேலாவின் ஃபிராங்கோ தெ வீட்டா, 2011-இல். அவரது ‘என் பிரிமேரா ஃபிலா’ ஆல்பத்தில் ஊரெல்லாம் ஒலித்த பாட்டு எது தெரியுமா? மெக்சிகோவின் ராக் பாடகி அலெஹாந்த்ரா குஸ்மானோடு சேர்ந்து பாடிய ‘தான் சோலோ தூ’. ஆண் குரலுக்கான விருதைக் கடைசியாகப் பெற்ற ஆல்பத்தின் உயிர், ஓர் ஆணும் பெண்ணும் மாற்றி மாற்றிப் பாடும் பாட்டு! அவர் குரல் கனிவு, அந்த அம்மாள் குரல் சரளைக்கல். ஒன்றை எடுத்துவிட்டால் மற்றதற்கு அர்த்தம் குறைந்துவிடும்.

இந்தப் பிரிவின் பெயர் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்க, அதை வென்ற நல்ல ஆல்பங்கள் வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தன என்றுதான் நான் பார்க்கிறேன். அகாடமி 2012-இல் ஆண், பெண் பிரிவுகளைக் கலைத்து, தற்கால பாப், மரபு பாப் என்று பிரித்தது. எது தற்காலம், எது மரபு என்பதிலும் சண்டை இருக்கும்தான். ஆனால் அது பாட்டைப் பற்றிய சண்டை. பாடுகிறவர் ஆணா பெண்ணா என்று பார்த்துப் பிரிப்பதை விட அது எவ்வளவோ மேல்.

இதற்கு எதிராக ஒரு நியாயமான வாதம் உண்டு. பெண்களுக்கென்று தனிப் பிரிவு இருந்தால் ஆண்டுக்கு ஒரு பெண்ணுக்காவது நிச்சயம் விருது கிடைக்கும். பொதுவில் போட்டால் ஆண்களே அள்ளிக்கொண்டு போவார்கள் என்பது அந்த வாதம். வெறும் பயம் என்று ஒதுக்க முடியாது. ஆண்டின் சிறந்த ஆல்பம் என்ற பொதுப்பிரிவை எடுத்துப் பாருங்கள். 2000 முதல் 2011 வரை பன்னிரண்டு ஆண்டுகள். அதில் தன் பெயரில் வென்ற பெண் ஒரே ஒருவர், 2006-இல் ஷகீரா. அந்தக் கணக்கைப் பார்த்தவர்கள் கவலைப்பட்டதில் தப்பே இல்லை.

ஆனால் அப்புறம் என்ன ஆனது? கலந்த பிறகு தற்கால பாப் ஆல்பம் விருதை 2017-இல் ஷகீரா வென்றார், 2018-இல் மலூமா என்ற ஆண் பாடகர், 2019-இல் ரொசாலியா. ஆண்டின் சிறந்த ஆல்பம் 2019-இல் ரொசாலியாவுக்கு, 2020-இல் நத்தாலியா லாஃபோர்கடேவுக்கு, 2022-இல் மறுபடி ரொசாலியாவுக்கு, 2023-இல் கரோல் ஜிக்கு. பிரிவைக் கலைத்ததால் இது நடந்தது என்று நான் சொல்லவில்லை. இந்தப் பெண்களின் வேலை அப்படி. ஆனால் பொதுப்பந்தியில் உட்கார்ந்தால் பெண்களுக்கு இலை கிடைக்காது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

இழப்பே இல்லையா என்றால், உண்டு. பாடகரின் குரலை மட்டும் கவனித்து, ஒரு முழு ஆல்பத்தை உட்கார்ந்து கேட்கும் பழக்கத்துக்கு அந்தப் பிரிவு ஒரு காரணமாக இருந்தது. ஒற்றைப் பாட்டாகக் கேட்டுத் தள்ளும் இந்தக் காலத்தில் அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

சரி, பேச்சு போதும். முதலில் லா மாரி பாடியதையும், பிறகு அலெஹாந்த்ரா குஸ்மான் பாடியதையும் போடப்போகிறேன். இரண்டாவது பாட்டில் அவர் நுழையும் இடத்தைத் தவறவிடாதீர்கள். கேட்ட பிறகு கேள்விகளுக்கு வருவோம்.