முளைக்கும் வரைதான் வீட்டுக்குள்ளே

அடுத்த கேள்வி, கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார்கள். தைப் பனிக்குப் பயந்து தக்காளி, மிளகாய், கொத்தமல்லி மூன்றையும் சின்னச் சின்னக் குழி உள்ள நாற்றுத் தட்டான குழித்தட்டில் விதைத்து ஆசாரத்துக்குள்ளேயே, அதாவது வீட்டுக் கூடத்திலேயே வைத்திருந்தார்களாம். தக்காளி நூல் மாதிரி நீண்டு சாய்ந்துவிட்டது, மிளகாய் பத்து நாளாகியும் ஒன்றுகூட வரவில்லை, விதை சரியில்லையா என்று கேட்கிறார்கள்.

விதையைக் குறை சொல்ல வேண்டாம்ங்க அக்கா. தக்காளிக்கு வெளிச்சம் போதவில்லை, அவ்வளவுதான். வெளிநாட்டு வீடியோக்களில் வீட்டுக்குள் விதைப்பார்கள், சரி. அங்கே வெளியே பனிக்கட்டி உறைந்து கிடக்கும், அதனால் விளக்குப் போட்டு உள்ளேயே நாற்று வளர்ப்பார்கள். நமக்கு உறைபனி என்றால் ஊட்டிப் பக்கம் போக வேண்டும். கோபியில் தை மாதத்திலும் பதினோரு மணி நேரத்துக்கு மேல் பகல் இருக்கிறது. வீடு நமக்கு முளைக்கிற வரைக்கும்தான்.

தினமும் காலையில் தட்டைப் பாருங்கள். குழியில் நிரப்பிய தேங்காய் நார்க்கழிவு லேசாக விரிந்து, வெள்ளைத் தண்டு கொக்கி மாதிரி வளைந்து எட்டிப் பார்க்கும். நாலைந்து குழியில் அது தெரிந்தாலே தட்டை வெளியே எடுத்துவிடுங்கள், மீதியும் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். போன வருசம் பொங்கலுக்கு ஊருக்குப் போய் மூன்று நாள் கழித்து வந்தேன். மூடி வைத்த கத்தரித் தட்டு முழுக்க வெளுத்து நீண்டு கிடந்தது. ஒரு செடியைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை, மனசே ஆறவில்லை. வெளியே வைத்ததும் முதல் நாலு நாள் காலை வெயில் மட்டும் காட்டுங்கள், அப்புறம் நேரத்தைக் கூட்டலாம்.

உங்கள் தக்காளி பிழைக்கும். அதன் தண்டு மண்ணுக்குள் போனால் அங்கேயே வேர் விடும். முளைத்ததும் முதலில் விரிகிற விதையிலைக்குப் பிறகு நிஜ இலை இரண்டு வந்ததும், அந்த விதையிலை வரைக்கும் மண்ணில் புதைத்துப் பெரிய கப்பில் நடுங்கள்.

கொத்தமல்லிக்குக் குழித்தட்டே வேண்டாம். அதன் ஆணிவேருக்குப் பிடுங்கி நடுவது ஆகாது. விதையை லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து, தொட்டியில் நேராகத் தூவுங்கள்.

இனி மிளகாய். அதற்கு வெதுவெதுப்பு வேண்டும், 25 முதல் 30 டிகிரி இருந்தால் நன்றாக முளைக்கும். தை மாத ராத்திரியில் நம் பக்கம் 20க்குக் கீழே போய்விடுகிறது, அதனால் இரண்டு வாரம்கூட ஆகும். நாற்றுப் பண்ணைகளில் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி பாலித்தீன் தாளால் மூடுவது அந்தச் சூட்டுக்காகத்தான். நீங்கள் தட்டை ஃபிரிட்ஜ் மேலே வைத்து மூடலாம். தண்ணீரை மட்டும் அள்ளி ஊற்றாதீர்கள். நார்க்கழிவைப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் கசிய வேண்டும், சொட்டச் சொட்ட வழிந்தால் விதை அழுகும், முளைத்தாலும் அடித்தண்டு கருகிச் சாயும்.

அந்தத் தட்டைக் கொட்டிவிடாதீர்கள் அக்கா. ஒரே ஒரு விதையைக் கிளறி எடுத்து நகத்தால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் இன்னும் ஒரு வாரம் விடுங்கள். கொழகொழவென்று நசுங்கினால் இந்த வாரமே புதிதாக விதைத்துவிடுங்கள், மாசிக்குள் முளைத்துவிடும்.