பயம் முதல்லயா, படபடப்பு முதல்லயா

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். நான் காலேஜ்ல பிசியாலஜி நடத்துறவ, உடம்பு எப்படி வேலை செய்யுதுங்கிற பாடம். பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு சின்ன வேலை. ரூம் லைட்ட அணைச்சிட்டு செல்போன் டார்ச்ச போட்டு, அது மேல ஆள்காட்டி விரல் நுனிய வைங்க. விரல் செவசெவன்னு தெரியுதா? டார்ச் வெள்ளையாத்தான் அடிக்குது, ஆனா நீலம் பச்சை எல்லாத்தையும் நம்ம ரத்தமும் சதையும் குடிச்சிடுது, செவப்பு மட்டும் எப்படியோ தப்பிச்சு இந்தப் பக்கம் வந்துருது. அத அப்படியே மனசுல வச்சுக்குங்க, பின்னாடி வேணும்.

எங்க ப்ராக்டிகல் கிளாஸ்ல முதல் பாடமே பக்கத்துல இருக்கறவங்க மணிக்கட்ட புடிச்சு நாடி எண்ணுறதுதான். சாதாரண நாள்ல 72, 80ன்னு எழுதுவாங்க. எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வந்த அன்னிக்கு ஒரு பொண்ணுக்கு 124. என்னம்மா இவ்ளோ பயமான்னு கேட்டா, "இல்ல மேம், பயமெல்லாம் இல்ல, நெஞ்சு இப்படி அடிக்குதேன்னுதான் பயமா இருக்கு"ன்னா. கிளாஸே சிரிச்சிருச்சு. ஆனா அவ சொன்னது சிரிக்கிற விஷயம் இல்லங்க. 1884லயே வில்லியம் ஜேம்ஸ்ங்கிற அமெரிக்கக்காரர் இதையேதான் சொன்னாரு, பயந்து நடுங்குறோம்னு நெனைக்கிறோம், நெசத்துல நடுங்குறதாலதான் பயப்படுறோம்னு. சரின்னும் நிரூபிக்க முடியல, தப்புன்னும் நிரூபிக்க முடியல. ஏன்னா இதயத்த மட்டும் வேகமாக்கி பாக்கணும், மூளைய தொடக்கூடாது. மருந்து குடுத்தா உடம்பு பூரா போயிரும், கரன்ட் குடுத்தா சுத்தியிருக்கிற தசை நரம்பு எல்லாம் துடிக்கும், வலிக்கும், வலிச்சா பயம் வராம என்ன பண்ணும்?

இங்கதான் பாசி வருது. ஆமா, குளத்துப் பாசிதான். தேங்குன தண்ணி பச்சையா இருக்கும்ல, அதுல க்ளாமிடோமோனஸ்னு ஒரே ஒரு செல்லு உள்ள ஒரு பாசி இருக்கும், ரெண்டு வால வச்சு வெளிச்சம் இருக்கிற பக்கம் நீந்தும். வெளிச்சம் எங்கன்னு அதுக்கு எப்படி தெரியுது? அது மேல ஒரு புரதம் இருக்கு, சேனல்ரோடாப்சின்னு பேரு, கதவு மாதிரி. நீல வெளிச்சம் பட்டா திறக்கும், பாசிட்டிவ் சார்ஜ் உள்ள துகள் உள்ள பாயும், வெளிச்சம் போனா மூடிக்கும். ஜெர்மனிக்காரங்க 2002, 2003ல இத கண்டுபுடிச்சாங்க. இதயத் தசை செல்லும் அதே மாதிரிதான், சோடியம் உள்ள பாஞ்சா ஒரு துடிப்பு. அப்ப பாசியோட கதவ இதய செல்லுல மாட்டிட்டா? அந்தக் கதவுக்கான ஜீன குடுத்துட்டா போதும், செல்லே அத கட்டிக்கும். அப்புறம் லைட்ட மினுக்கினா மினுக்குக்கு ஒரு துடிப்பு. அந்தக் கதவு வேலை செய்ய ரெட்டினால்னு ஒண்ணு வேணும், விட்டமின் ஏ வகையறா, எலிக்கு உடம்புலயே இருக்கு. பழ ஈயில இத செஞ்சவங்க அத தீனியோட கலந்து ஊட்ட வேண்டி இருந்துச்சு.

2010ல ரெண்டு வேலை வெளிவந்துச்சு. ஒண்ணு ஜெர்மனியில பான் பல்கலைக்கழகத்துல, சுண்டெலியோட இதயத்துல நீல வெளிச்சம் அடிச்சு துடிக்க வச்சாங்க. இன்னொண்ணு ஜீப்ரா மீன் குஞ்சுல. அது கண்ணாடி மாதிரி இருக்கும், அறுக்கவே வேணாம், வெளிய இருந்தே இதயம் தெரியும். அதுல வேற ஒரு புரதத்த வச்சு, ஆரஞ்சு வெளிச்சம் அடிச்சா இதயம் நின்னுரும், எடுத்தா திரும்ப ஓடும். அந்த வெளிச்சத்த ஒவ்வொரு இடமா நகர்த்திப் பாத்து, எந்த இடத்துல பட்டா மொத்தமா நிக்குதோ அதுதான் தாளம் போடுற இடம்னு கண்டுபுடிச்சாங்க.

எனக்குப் புடிச்சது 2023ல ஸ்டான்ஃபோர்ட்ல கார்ல் டைசராத் குழு செஞ்சது. இவங்க எடுத்தது வேற கதவு, கார்மைன்னு பேரு, இது செவப்பு பக்கத்து வெளிச்சத்துக்கே நல்லா திறக்கும். இப்ப உங்க விரல பாருங்க, எதுக்கு இத எடுத்தாங்கன்னு புரியும். இதயத் தசையில மட்டும் அந்த ஜீன் வேலை செய்யற மாதிரி ஒரு வைரஸ்ல ஏத்தி ஊசி போட்டாங்க, அப்புறம் எலிக்கு எல்ஈடி வச்ச ஒரு குட்டி ஜாக்கெட்ட மாட்டி விட்டாங்க, நெஞ்ச கீறவே இல்ல, தோல் வழியா வெளிச்சம் உள்ள போகுது. சுண்டெலி இதயம் சும்மாவே நிமிஷத்துக்கு அறநூத்துச் சொச்சம் அடிக்கும். இவங்க விட்டு விட்டு அத 900 ஆக்குனாங்க, அதாவது செகண்டுக்கு 15.

என்ன ஆச்சுன்னா, சாதாரண இடத்துல ஒண்ணும் ஆகல. வெளிச்சம் அடிக்கிற மூலைய எலி ஒதுக்கக்கூட இல்ல, அதுக்கு வலியும் இல்ல வெறுப்பும் இல்ல. ஆனா கூட்டல் குறி மாதிரி நாலு பக்கம் நீளுற ஒசந்த பாலத்துல, ரெண்டு பக்கத்துக்கு சுவர் இருக்கும், ரெண்டு பக்கத்துக்கு இருக்காது, அதுல விட்டா, திறந்த பக்கம் போகவே தயங்குது. தண்ணிக்காக லீவர அமுக்கணும், பத்துல ஒரு தடவ லேசா ஷாக் அடிக்கும்னு வச்சா, இதயம் வேகமா ஓடுறப்ப அமுக்குறத குறைச்சிருது. ஷாக் இல்லாதப்ப தாராளமா அமுக்குது. அப்ப படபடப்பு மட்டும் பயத்த உண்டாக்கல, பயப்பட ஒரு காரணம் பக்கத்துல இருந்தா அத ஊதிப் பெருசாக்குது. இதுக்கும் மேல, மூளையில இன்சுலான்னு ஒரு பகுதி, உடம்புக்குள்ள நடக்கறத கேட்டுட்டே இருக்கிற இடம், அதோட பின்பக்கத்த அடக்கிட்டா, இதயம் 900ல ஓடினாலும் எலி முன்ன மாதிரி தயங்கல. வில்லியம் ஜேம்ஸுக்கு பாதி மார்க் போடலாம்னு நெனைக்கிறேன். அந்தப் பொண்ணுக்கு முழு மார்க், எக்ஸாமினர் எதிர்ல உக்காந்திருந்தாரே.

இதக் கேட்டுட்டு நாளைக்கு கார்டியாலஜிஸ்ட்கிட்ட போய் லைட்ல இதயத்த துடிக்க வைக்கிற பேஸ்மேக்கர் வைங்க டாக்டர்னு கேட்டுறாதீங்க. எலி இதயச் சுவர் ஒரு மில்லிமீட்டர் வாக்குல, நம்ம இடது கீழறைச் சுவர் ஒரு சென்டிமீட்டர் கிட்ட. அவ்ளோ தடிமன வெளிச்சம் தாண்டணும், அதுவும் நெஞ்செலும்புக்குப் பின்னாடி. போதாததுக்கு பாசியோட ஜீன வைரஸ்ல ஏத்தி உள்ள விடணும், வேணாம்னா திரும்ப எடுக்க முடியாது.

ஜீனே வேணாம்னு இன்னொரு வழியும் இருக்கு. 2025ல அமெரிக்காவுல நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துல ஒரு பேஸ்மேக்கர் காட்டுனாங்க, அரிசிய விட சின்னது, மூணரை மில்லிமீட்டர் நீளம். இதயக் கோளாறோட பொறந்த கைக்குழந்தைக்கு ஆபரேஷன் முடிஞ்சு ஒரு வாரம் போல துணை வேணும், அதுக்காக செஞ்சது, வேலை முடிஞ்சா உள்ளேயே கரைஞ்சிரும், வயர உருவ வேணாம். இதுலயும் துடிக்க வைக்கிறது கரன்ட்தான், வெளிச்சம் வெறும் சுவிட்ச். நெஞ்சு மேல ஒட்டுன பட்டை துடிப்பு தப்புறத கண்டுபுடிச்சு வெளிச்சத்த மினுக்கும், அது செவப்புக்கும் அந்தப் பக்கம் உள்ள அகச்சிவப்பு, நம்ம கண்ணுக்குத் தெரியாது, ஆனா தோல், எலும்பு, தசை எல்லாம் தாண்டி உள்ள போயிரும். இதுவும் இன்னும் விலங்குகள்லயும் தானமா வந்த மனுஷ இதயத்துலயும் பாத்த அளவுலதான் இருக்கு.

விரல இன்னும் அங்கயேதான் வச்சிருக்கீங்களா? எடுத்துட்டு டார்ச்ச அணைங்க, சார்ஜ் எறங்கிரும். வணக்கம்.