தட்டிப் பார்த்துச் சாப்பிடும் விலங்கு

நேயர்களுக்கு வணக்கம்.

பலாப்பழம் வாங்கும்போது விரலை மடக்கித் தட்டிப் பார்ப்போம். ஓசையை வைத்தே பழுத்ததா, இன்னும் காயா என்று சொல்லிவிடுவோம். மண்பானை வாங்கினாலும் அப்படித்தான், கீறல் இருந்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். நமக்கு இது சந்தையில் எப்போதாவது உதவும் கைப்பழக்கம். மடகாஸ்கர் தீவில் ஒரு விலங்கு இதை வைத்துத்தான் வயிறு வளர்க்கிறது. அதன் பெயர் ஐ-ஐ.

பெயரைக் கேட்டதும் சிரிப்பு வரலாம். இதை உலகத்துக்கு முதலில் எழுதிச் சொன்னவர் பியர் சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர். 1782-இல் வெளிவந்த தன் பயண நூலில் இதைப் பற்றி எழுதினார். தீவின் ஒரு பக்கத்தில் பிடித்த விலங்கை மறுபக்கத்து ஆட்களிடம் காட்டியபோது அவர்கள் வியந்துபோய் எழுப்பிய குரலே 'ஐ, ஐ' என்பது அவர் தரும் விளக்கம். நம் 'ஐயய்யோ' மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சொன்னெரா நமக்கு அந்நியர் அல்லர். புதுச்சேரியில் இருந்து வேலை பார்த்தவர். நம் மலைக்காடுகளில் கூவுகிறதே சாம்பல் நிறக் காட்டுக்கோழி, அதன் அறிவியல் பெயரில் இருப்பதும் இவர் பெயர்தான்.

சரி, விலங்குக்கு வருவோம். ஐ-ஐ ஒரு லெமூர், அதாவது மடகாஸ்கருக்கே உரிய, மரத்தில் வாழும் விலங்குக் கூட்டத்தைச் சேர்ந்தது. நம் ஊர்த் தேவாங்குக்குத் தூரத்துச் சொந்தம். எடை சுமார் 2.5 கிலோ. உடம்பைவிட நீளமான, புசுபுசுவென்ற வால். கருத்த பரட்டை முடி, வௌவாலுக்கு இருப்பது போன்ற அகன்ற காதுகள், எலிக்கு இருப்பது போல ஆயுள் முழுக்க வளரும் முன்பற்கள். பார்த்தவர்கள் குழம்பியதில் வியப்பில்லை. 1788-இல் இதை அணில்களோடு சேர்த்துப் பெயர் வைத்தார்கள். ஆனால் காலைப் பாருங்கள்: பெருவிரல் விலகி நின்று கிளையைப் பற்றுகிறது, அந்த ஒரு விரலில் மட்டும் நம்முடையதைப் போலத் தட்டை நகம். இது குரங்குகளையும் நம்மையும் உள்ளடக்கிய வரிசையைச் சேர்ந்தது என்பது நிலைபெறப் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை ஆயிற்று.

இனி அந்த விரல். கையின் நடுவிரல் மட்டும் தோல் போர்த்திய கம்பி போல, மற்ற விரல்களோடு ஒட்டாமல் மெலிந்து கிடக்கும். அதன் அடி மூட்டு நம் தோள்மூட்டு போலப் பந்தும் கிண்ணமுமாக அமைந்திருப்பதால் எந்தப் பக்கமும் திரும்பும். இருட்டியதும் ஐ-ஐ கிளை கிளையாகப் போய் இந்த விரலால் மரத்தைத் தட்டும். வேகமாகத் தட்டும்போது நொடிக்கு எட்டு முறை வரை போகும். காதை முன்னே சாய்த்து, மூக்கைக் கிளையோடு ஒட்டி வைத்துக் கேட்கும். உள்ளே புழு குடைந்த பொந்து இருந்தால் ஓசை மாறுமே, அது போதும். முன்பல்லால் மரத்தைக் கடித்துத் துளை போடும். அதே விரலை உள்ளே விட்டு, நகத்தால் புழுவைக் குத்தி இழுத்துவிடும்.

மடகாஸ்கரில் மரங்கொத்திகள் கிடையாது. அலகால் நடக்க வேண்டிய வேலையை அங்கே ஒரு விரல் பார்க்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று. வெப்பப் படக் கருவியால் பார்த்தால், சும்மா இருக்கும்போது இந்த நடுவிரல் மற்ற விரல்களைவிடக் குளிர்ந்திருக்கிறது. தட்ட ஆரம்பித்ததும் 6 டிகிரி வரை சூடேறுகிறது. மெல்லிய விரலில் வெப்பம் சீக்கிரம் வீணாகும், அதனால் வேலை இல்லாத நேரத்தில் ரத்த ஓட்டத்தைக் குறைத்து வைக்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆள் இல்லாத அறையில் விளக்கை அணைக்கிற சிக்கனம்!

புழு மட்டும்தான் உணவு என்று நினைத்துவிடாதீர்கள். நம் கருங்குங்கிலிய மரத்துக்கு உறவான ராமி மரத்தின் கொட்டைகளை உடைத்துப் பருப்பைத் தோண்டித் தின்னும். தோப்புக்குள் வந்தால் தேங்காயில் துளை போட்டு விரலால் வழித்துவிடும். தோப்புக்காரருக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

பகலில் மர உச்சியில், இலையும் குச்சியும் பின்னிய உருண்டைக் கூட்டில் சுருண்டு தூங்கும். ஒரே கூட்டில் இன்று ஒன்று, சில நாள் கழித்து வேறொன்று என்று மாறி மாறித் தங்குவதும் உண்டு. குட்டி ஒரு பேற்றுக்கு ஒன்றுதான். அடுத்தது வர இரண்டு மூன்று ஆண்டு ஆகும்.

இவ்வளவு மெதுவாகப் பெருகும் உயிருக்குப் பெரிய ஆபத்து காடழிப்புதான். அப்புறம், அந்த விரலும் அதற்கு எதிரியாகிவிட்டது. ஐ-ஐ யாரை நோக்கி விரலை நீட்டுகிறதோ அவர் செத்துப்போவார் என்று தீவின் பல இடங்களில் நம்பிக்கை உண்டு. கண்டதும் அடித்துக் கொன்று, கெடுதல் வழிப்போக்கரோடு போகட்டும் என்று பாதையோரம் கட்டித் தொங்கவிடுவதும் நடந்திருக்கிறது. எல்லா ஊரிலும் அப்படி இல்லை. காட்டில் தூங்கும் ஆளின் தலைக்கு ஐ-ஐ புல்லால் தலையணை செய்து வைத்தால் அவர் பணக்காரராவார் என்றும் ஒரு பழைய பேச்சு இருக்கிறது!

ஒரு கட்டத்தில் இந்த இனமே அழிந்துவிட்டது என்று நினைத்தார்கள். 1957-இல் மறுபடி கண்ணில் பட்டது. 1966-ஐ ஒட்டி 9 ஐ-ஐகளைப் பிடித்து, வடகிழக்கே அன்டோங்கில் விரிகுடாவில் உள்ள நோசி மங்காபே என்ற சிறு தீவில் விட்டார்கள். அவை அங்கே நிலைத்துக் குட்டி போட்டுப் பெருகின. எலினார் ஸ்டெர்லிங் என்ற அமெரிக்க ஆய்வாளர் பிறகு அந்தத் தீவில் தங்கி, இரவு இரவாக இவற்றின் பின்னால் நடந்தார். ஐ-ஐ எங்கே போகிறது, என்ன தின்கிறது என்று இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அந்த நடையில் கிடைத்ததுதான். மடகாஸ்கர் பெருந்தீவிலும் அது நினைத்ததைவிடப் பல இடங்களில் இருப்பது பிறகு தெரியவந்தது. இருட்டில் ஒண்டியாகத் திரியும் விலங்கு, கண்ணில் படாமல் இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வணக்கம்.