நாகையும் காரைக்காலும்: பகை எங்கே இருக்கிறது?

அனைவருக்கும் வணக்கம். எனக்குப் பின்னால் தெரிவது நாகைத் துறைமுகம். இங்கிருந்து வடக்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டரில், நாகூரைத் தாண்டியதும், வாஞ்சூரில் காரைக்கால் துறைமுகம் இருக்கிறது. கரை ஒன்றாயினும் ஆட்சி வேறு: இது தமிழ்நாடு, அது புதுச்சேரி. நாகைக்கு வர வேண்டிய கப்பல்களைக் காரைக்கால் இழுத்துக்கொண்டது என்னும் பேச்சு இப்பகுதியில் உண்டு. அதை என்னால் ஏற்க இயலவில்லை.

நாகையில் ஆழம் போதாததால், பெரிய கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட்டு நிற்க, படகுகளே ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தன. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் மக்கள் போய்வந்த காலத்துக்கு அந்த ஏற்பாடு போதுமானதாக இருந்தது. ஆயிரக்கணக்கான டன் நிலக்கரியை ஒரே தடவையில் இறக்க வேண்டிய கப்பலுக்கு அது உதவாது. ஆகவே 2009இல் தொடங்கிய காரைக்கால், நாகையால் கையாள இயலாத சரக்கையே கையாண்டது. அதற்குப் போட்டி தூத்துக்குடியும் எண்ணூரும்தான்.

துறைமுகத்தை வாழவைப்பது கடலைவிட அதன் பின்னால் உள்ள நிலமும் ரயில் பாதையுமே. டெல்டாவின் பெரும் விளைச்சலான நெல்லோ, கொள்முதலானபின் பொது விநியோகத்துக்காக ரயிலிலும் லாரியிலும் வெளிமாவட்டங்களுக்குப் போகிறது. கப்பலுக்குப் பெரிதாக எதுவும் மிஞ்சுவதில்லை. எனவே இங்கிருந்து கப்பலில் ஏற்றி அனுப்பப் போதிய சரக்கு இல்லாததே இரண்டு துறைமுகங்களுக்கும் பொதுவான குறை என்பது என் கணிப்பு.

சென்னையைப் பாருங்கள். உயர் நீதிமன்ற உத்தரவால் 2011இல் அங்கிருந்து நிலக்கரி எண்ணூருக்கு மாறியது. 2020இல் எண்ணூர்த் துறைமுகத்தில் மத்திய அரசு வைத்திருந்த பங்கைச் சென்னைத் துறைமுகமே வாங்கிக்கொண்டதால், எந்தச் சரக்கு எங்கே என்பதை ஒரே நிர்வாகம் முடிவுசெய்ய வழி பிறந்தது. இங்கே அதற்கு வாய்ப்பில்லை. காரைக்கால் 2023 முதல் அதானி குழுமத்திடம் இருக்கிறது, நாகை மாநில அரசிடம் இருக்கிறது.

ஆயினும் வேலைப் பிரிவினை தானாகவே அமைந்துவருகிறது. 2023 அக்டோபரில் இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கியது நாகையிலிருந்துதான். இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடியது. பயணிகளை நாகையும், நிலக்கரி போன்று பெருமளவில் வரும் சரக்கைக் காரைக்காலும் ஏற்பது இரண்டுக்கும் நல்லது. பேசித் தீர்க்க வேண்டியது வேறு: நிலக்கரித் துகள் தங்கள் வீடுகளில் படிவதாக நாகூர் மக்கள் நெடுநாளாகக் குறை கூறுகின்றனர். துறைமுகம் இருப்பது ஓர் ஆட்சியில், குறை சொல்வோர் வசிப்பது மற்றோர் ஆட்சியில். இரண்டு அரசுகளும் சேர்ந்து உட்கார வேண்டிய முதல் கூட்டம் இதற்காகவே நடக்க வேண்டும்.