சாய்த்துப் பிடித்தால் போய்விடும்

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊரில் ஒரு சின்னத் திரைப்படச் சங்கம் நடத்துகிறோம். நூலகத்து மாடி, ஐம்பது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு புரொஜெக்டர், முடிந்ததும் டீ. அவ்வளவுதான் எங்கள் சொத்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை ‘தி பிரசன்ட்’ என்ற குறும்படத்தைப் போட்டோம். 2020இல் ஃபரா நபுல்சி எடுத்தது, மொத்தமே 24 நிமிடம்.

கதை இவ்வளவுதான். இஸ்ரேல் ஆக்கிரமித்திருக்கும் பாலஸ்தீனப் பகுதியான மேற்குக் கரையில் யூசுஃப் என்று ஒருவர். அன்றைக்குத் திருமண நாள். மனைவிக்குப் புது ஃப்ரிட்ஜ் வாங்கித்தர ஆசை. சிறுமி யாஸ்மினைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்குக் கிளம்புகிறார். வீட்டுக்குப் பக்கத்திலேயே இஸ்ரேலிய ராணுவத்தின் சோதனைச் சாவடி. பணப்பையைக் காட்டு, பெல்ட்டைக் கழற்று, அந்தக் கூண்டுக்குள் நில். அப்பா உள்ளே காத்திருக்க, வெளியே நிற்கும் குழந்தை சிறுநீரை அடக்க முடியாமல் உடையை நனைத்துக்கொள்கிறது. ஏம்மா சொல்லவில்லை என்று அப்பா கேட்கிறார். சொல்லியிருந்தாலும் அவரால் என்ன செய்திருக்க முடியும்?

மாலையில் ஃப்ரிட்ஜோடு திரும்புகிறார்கள். வண்டி ஓரளவு தூரம்தான் வரும், அதற்குமேல் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ள வேண்டும். யூசுஃபுக்கோ தீராத முதுகுவலி. வீடு கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் ஆட்கள் போகும் அந்தக் குறுகிய கம்பிவழியில் ஃப்ரிட்ஜ் நுழையவில்லை. பக்கத்திலேயே கார்கள் போகிற அகலமான சாலை திறந்து கிடக்கிறது. அது உனக்கில்லை என்கிறார் சிப்பாய்.

இந்த இடத்தில் எங்கள் நாற்காலி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. “சாய்ச்சுப் பிடிச்சா போயிடும்ணே!” திரும்பிப் பார்த்தேன். வீட்டு உபயோகப் பொருள் கடையில் டெலிவரி பார்க்கும் தம்பி. யாரோ சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. திரையைப் பார்த்துக் கையால் அளவு காட்டிக்கொண்டிருந்தான்.

இஸ்ரேல் - பாலஸ்தீனப் பிரச்சினையில் மாட்டிக்கொண்ட சாதாரண மனிதர்களைப் பற்றிய படங்களைப் பேசச் சொல்லி வானொலியிலிருந்து அழைத்தபோது, முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் கைதான். செய்தியில் நாம் எண்ணிக்கையைக் கேட்கிறோம், வரைபடத்தைப் பார்க்கிறோம். நல்ல படம் அப்படித் தொடங்குவதில்லை. ஒரு மனிதருக்கு ஒரு சின்ன ஆசையைக் கொடுக்கும். ஒரு ஃப்ரிட்ஜ், ஓர் எலுமிச்சைத் தோட்டம். அந்த ஆசைக்குக் குறுக்கே என்னென்ன வருகிறது என்று பார்த்துக்கொண்டே போனால், ஆக்கிரமிப்பு என்ற பெரிய சொல்லுக்குப் பொருள் தானாகப் புரிந்துவிடும். அங்கே அரபு பேசுகிறவர்களும் சோதனைச் சாவடியை ‘மஹ்சோம்’ என்று எபிரேயச் சொல்லால்தான் பெரும்பாலும் சொல்வார்கள். வைத்தவன் சொல்லே வாயில் நிலைத்துவிட்டது.

எலுமிச்சை என்றேன் இல்லையா. 2008இல் வந்த ‘லெமன் ட்ரீ’. இயக்கியவர் எரான் ரிக்லிஸ், இஸ்ரேலியர். அவரோடு சேர்ந்து திரைக்கதை எழுதியவர் சுஹா அராஃப், இஸ்ரேலில் வாழும் பாலஸ்தீனர். படம் தொடங்கும்போதே, மேற்குக் கரையில் சல்மா என்ற பாலஸ்தீன விதவை எலுமிச்சம்பழம் நறுக்கி ஊறுகாய் போடுகிறாள். தோட்டம் அப்பா வைத்துவிட்டுப் போனது. பக்கத்தில், எல்லைக்கோட்டை ஒட்டி, புதிதாக ஒரு குடும்பம் குடியேறுகிறது. வந்தவர் இஸ்ரேலின் பாதுகாப்பு அமைச்சர்! மரங்களுக்குள் யாராவது பதுங்கி வரலாம், எனவே தோட்டத்தை அழிக்க வேண்டும் என்கிறது பாதுகாப்புத் துறை. நஷ்டஈடு தருகிறோம் என்று கடிதம் வருகிறது. அது எபிரேயத்தில் இருக்கிறது. அதைப் படித்துக்காட்டவே அவள் ஆள் தேட வேண்டும்.

சல்மாவாக நடித்த ஹியாம் அப்பாஸ் அதிகம் பேசுவதில்லை. வேலி போட்டுப் பூட்டிய தன் தோட்டத்துக்குள் தானே வேலியேறிக் குதித்துத் தண்ணீர் ஊற்றும்போது அந்த முகத்தைப் பாருங்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போகிறது. தீர்ப்பு என்ன தெரியுமா? வேரோடு பிடுங்க வேண்டாம், முழங்கால் உயரத்துக்குக்கூட வராதபடி வெட்டிவிடுங்கள். வென்றதாகவும் சொல்லிக்கொள்ளலாம், தோற்றதாகவும் சொல்லிக்கொள்ளலாம். கடைசியில் அமைச்சர் வீட்டுக்கு முன்னால் கான்கிரீட் சுவர் எழும்பி நிற்கிறது. மனைவி பிரிந்து போய்விட்டாள். ஜன்னலைத் திறந்தால் அவர் பார்ப்பதற்குச் சாம்பல் நிறச் சுவர் ஒன்றுதான்.

இயக்குநர் எலியா சுலைமான் வேறு ரகம். இஸ்ரேலில் உள்ள நாசரேத்தைச் சேர்ந்த பாலஸ்தீனர். இவருடைய படத்தில் சிரிப்பு வரும், வந்த பிறகு சிரித்திருக்கக் கூடாதோ என்று தோன்றும். 2009இல் வந்த ‘தி டைம் தட் ரிமெயின்ஸ்’ படத்தில் ஒரு காட்சி. மேற்குக் கரையின் ரமல்லா நகரில் ஒரு தெரு, வீட்டு வாசலுக்கு நேரே ராணுவ டாங்கி நிற்கிறது. ஓர் இளைஞன் கதவைத் திறந்து குப்பையைப் போட வெளியே வருகிறான். டாங்கியின் பீரங்கிக் குழாய் ‘ர்ர்ர்’ என்று அவன் பக்கம் திரும்புகிறது. அவன் நடக்கிறான், குழாய் கூடவே நகர்கிறது. குப்பையைப் போட்டுத் திரும்பும்போது செல்போன் அடிக்கிறது. எடுத்துப் பேச ஆரம்பிக்கிறான். போனில் பேசுகிறவன் ஒரு இடத்தில் நிற்பானா? இங்கும் அங்கும் நடக்கிறான். குழாயும் இங்கும் அங்கும். டாங்கியை அவன் ஒரு தடவைகூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. வானொலியில் இந்தக் காட்சியைச் சொல்லிக் காட்டுவது கஷ்டம், ஆனால் அந்த ‘ர்ர்ர்’ சத்தத்தை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இதுவரை சொன்னது எளிது. ஃப்ரிட்ஜ் வாங்குகிறவர் பக்கம் நிற்க யாருக்கும் தயக்கம் இருக்காது. உடம்பில் வெடிகுண்டு கட்டிக்கொள்கிறவனை என்ன செய்வது?

2005இல் பாலஸ்தீன இயக்குநர் ஹனி அபு அசாத் ‘பாரடைஸ் நவ்’ எடுத்தார். மேற்குக் கரையின் நப்லுஸ் நகரத்தில் கார் மெக்கானிக் வேலை பார்க்கும் இரண்டு நண்பர்கள், சயீத், காலித். தற்கொலைத் தாக்குதலுக்கு இவர்கள் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். போகுமுன் கேமரா முன் நின்று கடைசி உரை ஆற்ற வேண்டும். காலித் கையில் துப்பாக்கியோடு உணர்ச்சி பொங்கப் பேசி முடிக்கிறான். கேமரா ஓடவில்லையாம்! இன்னொரு தடவை பேசு என்கிறார்கள். அவன் பேசப் பேச எதிரே நிற்பவர்கள் ரொட்டி தின்றுகொண்டிருக்கிறார்கள். நடுவில் அவனுக்கு ஏதோ நினைவு வருகிறது. அம்மா, மறந்துவிடுவேன், நல்ல தண்ணீர் வடிகட்டி இன்ன கடையில் மலிவாகக் கிடைக்கிறது, அங்கேயே வாங்கிக்கொள்.

சாகப் போகிறவன் வீட்டுக்குத் தண்ணீர் வடிகட்டி எங்கே வாங்குவது என்று சொல்லிவிட்டுப் போகிறான். அந்த ஒரு வரியில் அவனை அரக்கன் என்றும் சொல்ல முடியாமல், தியாகி என்றும் சொல்ல முடியாமல் போகிறது. படப்பிடிப்பின்போது நப்லுஸில் ஆயுதக் குழு ஒன்று படக்குழுவைச் சேர்ந்த ஒருவரைக் கடத்தியது. கடைசியில் படப்பிடிப்பையே நாசரேத்துக்கு மாற்றினார்கள். படம் ஆஸ்கர் பரிந்துரைக்குப் போனபோது, தற்கொலைத் தாக்குதலில் பிள்ளைகளைப் பறிகொடுத்த இஸ்ரேலியப் பெற்றோர்கள் அதை விலக்கச் சொல்லி மனு கொடுத்தார்கள். படம் முக்கியமானது என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பெற்றோர் இடத்தில் இருந்தால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன் என்றும் நினைக்கிறேன். இந்த இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பக்கத்துப் பயம் எப்படியிருக்கும்? இஸ்ரேலிய இயக்குநர் சாமுவேல் மாவோஸ் தன் வீட்டில் நடந்த ஒரு சம்பவம் சொல்லியிருக்கிறார். தினமும் நேரம் தவறிக் கிளம்பிப் பள்ளிக்கு டாக்சி கேட்கும் மகளிடம், இன்று எல்லாரையும் போல பஸ்ஸில் போ என்று கண்டித்து அனுப்புகிறார். கொஞ்ச நேரத்தில் செய்தி வருகிறது: அந்தப் பேருந்தில் குண்டு வெடித்துவிட்டது. ஒரு மணி நேரம் கழித்து மகள் வீடு திரும்புகிறாள். அன்றும் தாமதம், பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறாள்.

அந்த ஒரு மணி நேரத்திலிருந்து பிறந்தது 2017இல் வந்த ‘ஃபாக்ஸ்ட்ராட்’. டெல் அவிவில் ஒரு பெற்றோருக்கு மகன் இறந்த செய்தி வருகிறது. பிறகு, மன்னிக்கவும், தவறான ஆள் என்கிறார்கள். மகனோ ஆளரவமற்ற வெட்டவெளியில் ஒரு சாவடியில் காவல் நிற்கிறான். அவ்வப்போது ஓர் ஒட்டகம் வரும், தடுப்பைத் தூக்கி அதை வழியனுப்புவார்கள். தூங்கும் கண்டெய்னர் நாளுக்கு நாள் சேற்றில் சாய்ந்துகொண்டே போகிறது. ஓர் இரவு காரில் இளைஞர்கள் வருகிறார்கள். ஒரு பெண்ணின் உடை கதவில் சிக்கியிருக்கிறது. கதவைத் திறந்ததும் காலி பீர் டின் உருண்டு விழுகிறது. கையெறி குண்டு என்று கத்துகிறான் ஒரு சிப்பாய். அவ்வளவுதான். மறுநாள் புல்டோசர் வந்து காரோடு சேர்த்துப் புதைத்துவிட்டுப் போகிறது. ஒட்டகம் கடைசியில் என்ன செய்கிறது என்பதை நான் சொல்லப்போவதில்லை.

அந்நாளைய கலாச்சார அமைச்சர் மிரி ரெகெவ் இந்தப் படத்தைக் கடுமையாகத் தாக்கினார், பார்க்காமலே. எதிர்த் திசையிலிருந்தும் ஒரு குற்றச்சாட்டு உண்டு. ‘சுட்டுவிட்டு அழுவது’ என்று எபிரேயத்திலேயே ஒரு வழக்கு இருக்கிறது. சுட்டவனின் மனவேதனையைப் பார்க்கிறோம், செத்தவர்களுக்குப் படத்தில் பெயர்கூட இல்லையே என்ற கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனாலும் அந்தப் பீர் டின் உருளும் சத்தம் எனக்கு இன்னும் காதில் கேட்கிறது.

எனக்குப் பிடிக்காத வகையும் ஒன்று உண்டு. பிரசவ ஆஸ்பத்திரியில் யூதப் பிள்ளையும் பாலஸ்தீனப் பிள்ளையும் மாறிப்போய், பதினெட்டு வயதில் உண்மை தெரிகிற மாதிரிக் கதை. பிள்ளை மாறுகிற கதைகள் நமக்குப் புதிதா என்ன? தராசுத் தட்டு இரண்டும் சமமாக நிற்க வேண்டும் என்று முதல் காட்சியிலேயே முடிவு செய்துவிட்டால், மனிதர்கள் எடைக்கற்களாகிவிடுகிறார்கள்.

‘நோ அதர் லேண்ட்’ இந்தத் தவறைச் செய்யவில்லை. 2025இல் ஆஸ்கர் வாங்கிய ஆவணப்படம், இரண்டு பாலஸ்தீனரும் இரண்டு இஸ்ரேலியரும் சேர்ந்து எடுத்தது. ஹெப்ரோனுக்குத் தெற்கே மசாஃபர் யாட்டா கிராமங்களை ராணுவப் பயிற்சிப் பகுதி என்று சொல்லி இடிக்கிறார்கள். வீடு, பள்ளிக்கூடம், கோழிக்கூடு எதுவும் மிச்சமில்லை. கிணற்றில் கான்கிரீட்டை ஊற்றுவதையும் பார்க்கிறோம். பாசெல் அத்ரா அந்த ஊர்க்காரர். யுவல் ஆப்ரஹாம் ஜெருசலேமிலிருந்து வரும் பத்திரிகையாளர். நண்பர்கள். ஆனால் யுவலின் காருக்கு மஞ்சள் நம்பர் பிளேட், எங்கும் போகலாம். பாசெலுடையது பச்சை, மேற்குக் கரையைத் தாண்ட முடியாது. இரவில் இருவரும் புகைத்துக்கொண்டு பேசுகிறார்கள். தான் எழுதிய கட்டுரையை அதிகம் பேர் படிக்கவில்லையே என்று யுவல் அலுத்துக்கொள்ள, எல்லாம் பத்து நாளில் முடிந்துவிட வேண்டும் என்று பார்க்கிறாய், தோற்றுப் பழகு என்கிற மாதிரி பாசெல் சிரிக்கிறார். அப்புறம் யுவல் வீட்டுக்குப் போகிறார். அப்படி எழுந்து போக முடிகிறதே, அந்த நட்பின் நடுவே கிடப்பது அதுதான். படம் அதை மூடி மறைக்கவில்லை. விருது வாங்கிய சில வாரங்களிலேயே, இணை இயக்குநர் ஹம்தான் பல்லாலை, மேற்குக் கரையில் வந்து குடியேறிய இஸ்ரேலியர்கள் அவருடைய ஊரிலேயே அடித்தார்கள். ராணுவம் அவரைப் பிடித்துக்கொண்டு போனது.

ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கிய 2023 அக்டோபர் 7க்குப் பிறகு வந்த படங்களைப் பற்றித் தனியாக ஒரு மணி நேரம் பேசலாம். ‘ஹோல்டிங் லியாட்’ 2025இல் பெர்லின் திரைப்பட விழாவில் ஆவணப்பட விருது பெற்றது. காசாவுக்குப் பிணையாகக் கொண்டுபோகப்பட்ட மகளை மீட்க அலையும் இஸ்ரேலியப் பெற்றோரின் கதை. மகளுக்காகக் கெஞ்சப் போன இடத்திலும் தன் நாட்டுப் பிரதமரைத் திட்டாமல் அந்த அப்பாவால் இருக்க முடியவில்லை. அவர் வாயை அடக்கக் குடும்பமே படாதபாடு படுகிறது.

அதே ஆண்டு வெனிஸ் திரைப்பட விழாவில், துனிசியாவின் கவுதர் பென் ஹனியா எடுத்த ‘தி வாய்ஸ் ஆஃப் ஹிந்த் ரஜப்’. 2024 ஜனவரி 29. காசா நகரில் சுடப்பட்ட ஒரு காருக்குள், இறந்துபோன உறவினர்களுக்கு நடுவே ஒரு சிறுமி உயிரோடு இருக்கிறாள். ரமல்லாவில், செஞ்சிலுவைச் சங்கம் போன்ற செம்பிறைச் சங்கத்தின் தொலைபேசி அறையில் அவள் குரல் கேட்கிறது. படம் முழுக்க அந்த அறைதான். பேசுகிறவர்கள் நடிகர்கள், ஆனால் கேட்கிற குரல் ஹிந்துடையது, அன்றைய பதிவு. வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்கிறாள். இருட்டுகிறது, பயமாக இருக்கிறது என்கிறாள். ஆம்புலன்ஸ் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அது கிளம்ப ராணுவத்தின் ஒப்புதல் வர வேண்டும். மணிக்கணக்கில் காத்திருந்து கிளம்பிய ஆம்புலன்ஸும் தாக்கப்பட்டது. அதிலிருந்த இரண்டு ஊழியர்களின் உடல்களும் ஹிந்தின் உடலும் 12 நாள் கழித்துத்தான் கிடைத்தன.

இறந்த குழந்தையின் குரலைப் படத்தில் போடலாமா? தாயின் சம்மதத்தோடுதான் போட்டிருக்கிறார்கள். இருந்தாலும் பாதியில் எழுந்து வெளியே போய் நின்றேன். உள்ளேயிருந்து குரல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. குரலுக்குக் கண்ணை மூடிக்கொள்ள முடியாது, இது வானொலி கேட்கும் உங்களுக்குத் தெரியாததில்லை.

இவற்றில் எதைப் பார்க்கத் தொடங்குவது என்று கேட்டால், அந்த 24 நிமிடப் படத்தையே சொல்வேன். சாவடியில் பெரியவர்கள் கத்திக்கொண்டு நிற்கும்போது யாஸ்மின் என்ன செய்கிறாள் என்பதை நீங்களே பாருங்கள். எங்கள் திரையிடல் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அந்த டெலிவரி தம்பி பக்கத்தில் வந்து நின்றான். “அண்ணே, அவ்வளவு தூரம் குலுங்கிப் போயிருக்கு. நாலு மணி நேரம் அப்படியே வெச்சுட்டு அப்புறம்தான் பிளக்கைச் சொருகணும். அவங்ககிட்ட யாராவது சொல்லியிருப்பாங்களா?”

நன்றி, வணக்கம்.